முன்சக்கரத்துக்கு எண்ணெய், பின்சக்கரத்துக்குக் கம்பி

போன வாரம் நெல் மூட்டை ஏத்திக்கிட்டு மீஞ்சூர் பக்கம் போய்க்கிட்டிருந்தேன். டிராக்டர் மட்கார்டு மேல அக்கா மகன் உட்கார்ந்திருந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன், லீவுக்கு வந்திருக்கான். பாலத்துச் சரிவில் இறங்கும்போது பின்னாடி இருந்த டிரெய்லர் டிராக்டரைத் தள்ள ஆரம்பிச்சது. பிரேக்கை மிதிச்சேன். டிராக்டர் கேட்டுச்சு, டிரெய்லர் கேக்கல. கொக்கி கிட்ட வண்டி லேசா ஒடிஞ்ச மாதிரி வளைஞ்சது. கீழ் கியரில் போட்டு, மண் ரோட்டு ஓரமா இறக்கி, ஒரு வழியா நிறுத்திட்டேன்.

பையன் முகம் வெளுத்துப் போச்சு. "ஏன் மாமா, டிரெய்லருக்கு பிரேக் கிடையாதா?"

"கிடையாதுடா."

"அப்படி எப்படி மாமா விக்கிறாங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. ஆனா பிரேக் பத்தி ஒரு கதை தெரியும். வாலிபத்தில் ராயபுரத்தில் கத்துக்கிட்டது. அந்தக் கதையை எழுதினா பையனோட கேள்விக்கும் ஒரு பதில் கிடைக்கும்னு தோணுது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

பத்தாவது முடிச்சதும் மேல படிக்க வசதி இல்லை. 1987-ல் ராயபுரத்தில் ஒரு கார் பட்டறையில் சேர்ந்தேன். மூணு வருஷம் இருந்தேன். அங்கே ஒரு நாள் பழைய ஆஸ்டின் ஏ40 கார் ஒண்ணு வந்தது. உருண்டை முதுகு, வட்ட விளக்கு, நாலு கதவு. பெரியவர் ஒருத்தர் பத்திரமா வெச்சிருந்த வண்டி. பிரேக் மிதிச்சா பஞ்சு மாதிரி அமுங்குதுன்னு கொண்டு வந்திருந்தார். அப்படி அமுங்கினா எண்ணெய்க் குழாய்க்குள் காத்து புகுந்திருக்குன்னு அர்த்தம். ஏர் எடுக்கணும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பெடலை அடிக்கணும், இன்னொருத்தர் கீழே படுத்து சக்கரத்துக்கிட்ட இருக்கிற நிப்பிளைத் திறந்து மூடணும்.

முன்சக்கரம் ரெண்டுக்கும் ஏர் எடுத்துட்டு, பின்சக்கரத்துக்கு நகர்ந்தேன். நிப்பிளைத் தேடுறேன், தேடுறேன், காணோம். குழாயே இல்லை. அதுக்குப் பதிலா இரும்புக் கம்பிகள் ஓடுது.

மேஸ்திரி மேலே இருந்து குரல் கொடுத்தார். "இன்னாடா அங்கே தேடிக்கினு இருக்கே?"

"அண்ணே, பின்னாடி பைப்பே இல்லைண்ணே."

சிரிச்சார். "அது அப்படித்தான்டா. முன்னாடி எண்ணெய், பின்னாடி கம்பி. எண்ணெய் பூட்டுச்சுன்னா கம்பி நிறுத்தும். வெள்ளைக்காரனுக்கே எண்ணெய் மேல நம்பிக்கை வரலை அப்போ."

அப்புறம் சொன்னார்: "இந்த வண்டியெல்லாம் நம்ம எண்ணூர்ல பூட்டுனதுடா."

எண்ணூர்னா எனக்கு அப்போ அசோக் லேலண்ட் லாரிதான் தெரியும். காரும் அங்கே செஞ்சாங்கன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அந்தக் கம்பெனியோட முதல் பேர் அசோக் மோட்டார்ஸ். 1948-ல் ரகுநந்தன் சரண் என்பவர் ஆரம்பிச்சார். சுதந்திரப் போராட்டத்தில் இருந்தவர், பஞ்சாப்காரர். நாடு சுதந்திரம் வாங்கின புதுசு. நாமே தொழில் செய்யணும்னு நேரு கேட்டுக்கிட்டதால இதில் இறங்கினதாகச் சொல்வாங்க. மகன் பேர் அசோக். அந்தப் பேரையே கம்பெனிக்கு வெச்சார். 1949-ல் எண்ணூர் தொழிற்சாலையில் இங்கிலாந்து ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்டி வெளியே விட ஆரம்பிச்சாங்க. கப்பலில் உதிரியா வரும், இங்கே ஒண்ணு சேர்ப்பாங்க.

இங்கிலாந்தில் ஏ40 ஒரு சாதாரணக் குடும்பக் கார். 1,200 சிசி, 40 குதிரை சக்தி. ஆனா 1949 மெட்ராஸில் எந்தக் கார் வெச்சிருந்தாலும் அவர் பணக்காரர்தான். எங்க ஊரில் அப்போ சைக்கிள் வெச்சிருந்தவரையே பெரிய மனுஷன்னு சொல்வாங்களாம்.

இந்தக் காரில் எதுக்குப் பாதி எண்ணெய், பாதி கம்பி? அதைத் தெரிஞ்சுக்க இன்னும் முப்பது வருஷம் பின்னாடி போகணும்.

ஆரம்ப காலத்துக் கார்களில் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். கம்பி, கயிறு, நெம்புகோல் வெச்சு இழுக்கிற பிரேக். முன்சக்கரத்தில் பிரேக் போட்டா வண்டி குப்புற விழுந்துடும், இல்லைன்னா சறுக்கி ஓடிடும்னு பயந்தாங்க. உண்மையில் நிலைமை தலைகீழ். மாட்டு வண்டி ஓட்டினவங்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். ஓடுகிற வண்டியை நிறுத்தும்போது பாரம் முன்னாடி சாயும், வண்டி முன்பாரம் ஆயிடும். பாரம் எந்தச் சக்கரத்தில் அழுந்துதோ அந்தச் சக்கரம்தான் ரோட்டை நல்லாப் பிடிக்கும். அதனால் முன்சக்கர பிரேக்தான் உண்மையில் வண்டியை நிறுத்துது. பின்சக்கரம் லேசாகி, பிரேக் போட்டதும் வழுக்கிட்டுப் போயிடும்.

சரி, முன்னாடியும் போடலாம்னு வந்தப்போ வேற சிக்கல். முன்சக்கரம் திரும்பும். திரும்புகிற சக்கரத்துக்குக் கம்பி கட்டினா, ஸ்டீயரிங் ஒடிக்கும்போது கம்பி ஒரு பக்கம் இறுகும், ஒரு பக்கம் தளரும். அப்புறம் நாலு சக்கரத்துக்கும் கம்பியை ஒரே அளவா முறுக்கி வெக்கணும். ஒண்ணு கூடினா ஒண்ணு குறைஞ்சா, பிரேக் மிதிச்சதும் வண்டி ஒரு பக்கமா இழுக்கும். இன்னைக்குச் சரி பண்ணினா அடுத்த மாசம் திரும்பவும் சரி பண்ணணும். ஒரு ஜோடியில் ஒரு மாடு துடியும் ஒரு மாடு சோம்பேறியும் இருந்தா ஏர் எப்படிப் போகும், அந்த மாதிரி.

எண்ணெய் வந்தது இந்தச் சிக்கலுக்குத்தான். பள்ளிக்கூடத்தில் படிச்ச பாஸ்கல் விதி. மூடின இடத்தில் இருக்கிற திரவத்தை ஒரு முனையில் அழுத்தினா, அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் ஒரே அளவில் போகும்.

கணக்குக்காகச் சொல்றேன். காலால் 20 கிலோ பலத்தில் மிதிக்கிறீங்க. பெடலோட நெம்பு அதை அஞ்சு மடங்காக்கி 100 கிலோ ஆக்குது. அது 4 சதுர செ.மீ. பிஸ்டனைத் தள்ளினா, ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 25 கிலோ அழுத்தம். சக்கரத்தில் இருக்கிற பிஸ்டன் 6 சதுர செ.மீ. இருந்தா, அங்கே 150 கிலோ. நாலு சக்கரத்துக்கும் ஒரே அழுத்தம். குழாய் வளைஞ்சாலும் சரி, சக்கரம் திரும்பினாலும் சரி, நடுவில் ரப்பர் ஹோஸ் போட்டா போதும்.

விவசாயியா எனக்கு இது எப்படித் தோணும்னா, எங்க வாய்க்காலில் மேல்மடைக்காரன் பாய்ச்சினது போக மிச்சம்தான் கடைமடைக்கு வரும். நான் கடைமடைக்காரன், எனக்கு அந்த வலி தெரியும். பிரேக் எண்ணெய்க் குழாயில் கடைமடையே கிடையாது. பக்கத்துச் சக்கரத்துக்கு என்ன அழுத்தமோ, கடைசிச் சக்கரத்துக்கும் அதேதான்.

இதைக் காருக்குக் கொண்டு வந்தவர் மால்கம் லாக்ஹீட்னு ஒரு அமெரிக்கர். அண்ணன் தம்பி சேர்ந்து விமானம் செஞ்சவங்க. லாக்ஹீட் விமானம்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அதே குடும்பம். 1917-ல் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அப்புறம் விமானத் தொழிலை விட்டுட்டு, கார் ஊரான டெட்ராய்ட்டுக்குப் போய் பிரேக் கம்பெனி ஆரம்பிச்சார்.

நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் பிரேக் போட்டு விற்பனைக்கு வந்த முதல் கார் டூசன்பர்க் மாடல் ஏ. 1921-ல் வந்தது. பிரெட், ஆகஸ்ட்னு ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறின அண்ணன் தம்பிங்க செஞ்சது. விலை ஏறக்குறைய 6,500 டாலர். அந்தச் சமயத்தில் ஃபோர்டு மாடல் டி 300 டாலர் பக்கத்தில் கிடைச்சது. அதாவது ஒரு டூசன்பர்க் விலையில் இருபது ஃபோர்டு வாங்கலாம். அதே 1921-ல் பிரான்ஸில் லெ மான் ஊரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில், ஜிம்மி மர்ஃபி எண்ணெய் பிரேக் வெச்ச டூசன்பர்க் ஓட்டி ஜெயிச்சார். ரோடு முழுக்கக் கல் பெயர்ந்து கிடந்த பந்தயம் அது. வேகமா ஓடுறதுக்கு நல்லா நிக்கத் தெரியணும்னு அன்னைக்கு எல்லாரும் பார்த்துக்கிட்டாங்க.

ஆனாலும் டூசன்பர்க் ஏ மொத்தம் சுமார் 650 கார்தான் செஞ்சாங்க. பணக்காரன் வீட்டு வாசலோட நின்னுபோச்சு. அதை அடுத்த படிக்குக் கொண்டு போனது கிரைஸ்லர். 1924-ல் வந்த கிரைஸ்லர் சிக்ஸ் காரில் நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் பிரேக். விலை டூசன்பர்க்கில் கால்வாசிகூட இல்லை. முதல் வருஷமே சுமார் 32,000 கார் போச்சு.

நடுவில் என்ன மாறினது? பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லைங்க. ஒரு வாஷர்தான். லாக்ஹீட் பிரேக்கில் பிஸ்டனைச் சுத்தி எண்ணெய் ஒழுகாமல் இருக்க முதலில் தோல் வெச்சிருந்தாங்க. தோல் காயும், சுருங்கும், ஒழுகும். எங்க தாத்தா காலத்துக் கவலைச் சாலில் தோல் காய்ஞ்சா தண்ணி பாதி வழியிலேயே கொட்டிடும்னு சொல்வார், அதே கதை. கிரைஸ்லர் இன்ஜினியர்கள் தோலை எடுத்துட்டு ரப்பரில் கிண்ணம் மாதிரி ஒரு கப் செஞ்சு போட்டாங்க. எண்ணெய் அழுத்தம் கூடக் கூட கிண்ணத்தோட விளிம்பு இன்னும் இறுக்கமா ஒட்டும். ஒழுகல் நின்னுது. அந்தக் காலத்து ரப்பர் எல்லாம் மரத்துப் பால். மலேயாத் தோட்டங்களில் அந்தப் பாலை வடிச்சவங்களில் பெரும் பகுதி நம்ம தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன ஜனங்க. உலகத்துக் கார் பிரேக்கில் அவங்க கைவேலையும் கலந்திருக்கு, யாரும் அதைச் சொல்றதில்லை.

ரப்பர் வந்ததும் எண்ணெயிலும் கவனம் தேவைப்பட்டது. இயற்கை ரப்பரில் பெட்ரோலிய எண்ணெய் பட்டா அது ஊதிப் பெருத்துடும். அதனால் பிரேக்குக்கு ஆமணக்கு எண்ணெயை ஆல்கஹாலோட கலந்து ஊத்தினாங்க. ஆமாங்க, நம்ம விளக்கெண்ணெய்தான். ரொம்ப வருஷம் பிரேக் எண்ணெய் அதுதான். அப்புறம்தான் கிளைக்கால் வகை வந்தது.

இந்த இடத்தில் என்னோட ஒரு தப்பையும் சொல்லிடறேன். பட்டறையில் சேர்ந்த ஆறாம் மாசம், ஒரு காரில் பிரேக் எண்ணெய் குறைவா இருந்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்த இன்ஜின் ஆயிலை ஊத்திட்டேன். எண்ணெய்னா எண்ணெய்தானேன்னு நினைப்பு. ரெண்டு நாள் கழிச்சு வண்டி திரும்பி வந்தது. நாலு சக்கரமும் கொதிக்குது, கருகின வாடை. ரப்பர் கப் எல்லாம் ஊதி, மிதிச்ச பிரேக் விடவே இல்லை. வேற நேரத்தில் அது பிடிக்காமலும் போயிருக்கலாம், வண்டியில் குழந்தைங்க இருந்திருக்கலாம். மேஸ்திரி அடிக்கல. ஊதிப்போன கப்பைக் கையில் கொடுத்து, "இதை பாக்கெட்ல வெச்சுக்கோ"ன்னார். ரொம்ப நாள் வெச்சிருந்தேன்.

இப்போ பெரிய வீட்டுக் கதைக்கு வரேன். உலகத்திலேயே உசந்த கார்னு பேர் வாங்கின ரோல்ஸ்ராய்ஸ் எண்ணெயை எப்போ எடுத்துக்கிட்டதுன்னு நினைக்கிறீங்க? டூசன்பர்க்குக்கு அடுத்த வருஷமா? இல்லை. 1946-ல்தான். அதுவும் பாதிதான்.

அதுவரைக்கும் அவங்க வேற வழியில் போனாங்க. 1919-ல் ஹிஸ்பானோ சூயிசான்னு ஒரு கம்பெனி, கியர்பாக்ஸ் சுத்துற பலத்தையே வாங்கி பிரேக் கம்பியை இழுக்கிற மாதிரி ஒரு சர்வோ செஞ்சது. காலால் லேசா மிதிச்சா போதும், வண்டியோட ஓட்டமே வண்டியை நிறுத்திடும். அந்த முறைக்கு ரோல்ஸ்ராய்ஸ் உரிமம் வாங்கி 1924 வாக்கில் தன் காரில் போட ஆரம்பிச்சது. ரொம்ப நுணுக்கமான வேலை, நல்லாவும் வேலை செஞ்சது. இருந்தாலும் கம்பிதான். 1946-ல் வந்த சில்வர் ரெயித் காரில் முன்சக்கரத்துக்கு மட்டும் எண்ணெய் கொடுத்தாங்க. பின்சக்கரத்துக்குக் கம்பி.

அதாவது ராயபுரத்தில் நான் கீழே படுத்துப் பார்த்த ஆஸ்டின் மாதிரியே. ராஜாவோட காருக்கும் குமாஸ்தாவோட காருக்கும் பிரேக்கில் ஒரே சந்தேகம், ஒரே தீர்வு.

ஹென்றி ஃபோர்டும் அப்படித்தான். பெடலில் இருந்து சக்கரம் வரை எஃகு, அதுதான் பாதுகாப்புன்னு விளம்பரமே செஞ்சாங்க. 1939 மாடலில்தான் ஃபோர்டு காருக்கு எண்ணெய் பிரேக் வந்தது. கிரைஸ்லர் போட்டு பதினஞ்சு வருஷம் கழிச்சு.

இவங்க எல்லாம் முட்டாளா? நானும் வாலிபத்தில் அப்படித்தான் நினைச்சேன். இப்போ அப்படி நினைக்கல. அவங்க பயத்தில் நியாயம் இருந்தது. கம்பி நாலு இருந்தா, ஒண்ணு அறுந்தாலும் மத்தது பிடிக்கும். அறுறதுக்கு முன்னாடி துரு தெரியும், தளர்வு தெரியும், கண்ணால் பார்க்கலாம். அந்தக் காலத்து எண்ணெய் பிரேக்குக்கு ஒரே பம்ப், ஒரே பாதை. எங்கேயாவது ஒரு குழாய் விட்டுச்சுன்னா, ஒரு ரப்பர் கிழிஞ்சா, அழுத்தம் மொத்தமும் அந்த ஓட்டை வழியே போயிடும். நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் கைவிட்டுடும். கடைமடை இல்லாத வாய்க்கால்னு சொன்னேன் இல்லையா, அதோட மறுபக்கம் இது. எல்லாருக்கும் ஒரே பங்குன்னா, உடைப்பு எடுத்தா எல்லாருக்கும் ஒரே பட்டினி.

அதுக்குத்தான் ஆஸ்டினில் பாதிப் பாதி. அந்த பிரேக்கைச் செஞ்சது இங்கிலாந்து கெர்லிங் கம்பெனி. ஆல்பர்ட் கெர்லிங் 1920-களில் கம்பி பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினவர். கம்பிக்கே பேர் போன கம்பெனி, எண்ணெய்க்கு மாறும்போது கம்பியை முழுசா விட்டுட மனசு வராமல் ரெண்டையும் சேர்த்துக் கொடுத்துச்சு. மேஸ்திரி சொன்ன மாதிரி, எண்ணெய் போனா கம்பி.

சரியான பதில் பின்னாடி வந்தது. பம்ப்பை ரெண்டு அறையாப் பிரிச்சு, ரெண்டு தனித்தனிப் பாதை விட்டாங்க. ஒண்ணு ஒழுகினாலும் இன்னொண்ணு நிறுத்தும். 1960-களில் அமெரிக்காவில் அது வழக்கத்துக்கு வந்து, சட்டமும் ஆச்சு. ரோல்ஸ்ராய்ஸும் 1965-ல் சில்வர் ஷேடோ காரில்தான் பழைய கம்பி சர்வோவைக் கைவிட்டு முழு எண்ணெய்க்கு வந்தது. அப்பவும் ஒரே பாதையை நம்பல, தனித்தனிப் பாதைகள் வெச்சுக்கிட்டுத்தான் வந்தது. இன்னைக்கு நீங்க ஓட்டுற எந்தக் காரிலும் ரெண்டு பாதை இருக்கு. எண்ணெயை நம்பினவன் பிரேக்கைக் கண்டுபிடிச்சான். நம்பாதவன் கேட்ட கேள்விதான் ரெண்டாவது பாதையைக் கொண்டு வந்தது. ரெண்டு பேரும் வேணும்.

எண்ணூருக்குத் திரும்பி வரேன். ரகுநந்தன் சரணுக்குக் காரை விட லாரிதான் இந்த நாட்டுக்கு முதல் தேவைன்னு எண்ணம். லாரிக்காக இங்கிலாந்து லேலண்ட் கம்பெனியோட பேசிக்கிட்டிருந்தார். அதுக்குள்ள விமான விபத்தில் இறந்துட்டார். மெட்ராஸ் அரசும் மத்த பங்குதாரர்களும் சேர்ந்து 1950-ல் அந்த ஒப்பந்தத்தை முடிச்சாங்க. 1955-ல் கம்பெனி பேர் அசோக் லேலண்ட் ஆச்சு. கார் போய், லாரியும் பஸ்ஸும் நிலைச்சது.

லாரிக்குக் கால் பலம் போதாது. பத்து டன், பதினஞ்சு டன்னை மனுஷன் காலால் எண்ணெயைத் தள்ளி நிறுத்த முடியாது. கனரக வண்டிக்கு அதனால் காத்து பிரேக். இன்ஜின் ஓடும்போதே ஒரு கம்ப்ரஸர் காத்தை டேங்கில் அடைச்சு வெக்கும். டிரைவர் கால் ஒரு வால்வைத் திறக்குது, அவ்வளவுதான். சிக்னலில் பஸ் நிக்கும்போது "புஸ்"னு ஒரு சத்தம் கேக்குமே, அது அந்தக் காத்து வெளியேறுகிற சத்தம். ஹேண்ட் பிரேக்கை அதில் ஸ்பிரிங் வெச்சுத் தலைகீழா அமைச்சிருப்பாங்க. காத்து இருந்தாத்தான் பிரேக் விடும், காத்து போனா ஸ்பிரிங் தானாப் பிடிச்சுக்கும். பழுதானா நிக்கணும், ஓடக் கூடாது. ரோல்ஸ்ராய்ஸ் பயந்த பயத்துக்கு லாரிக்காரன் கண்டுபிடிச்ச பதில் இது.

அதே ரோட்டில் கொஞ்சம் தெற்கே வந்தா திருவொற்றியூர். அங்கே 1955-ல் என்ஃபீல்டு இந்தியா. புல்லட் வண்டி. அதில் முன் பிரேக்குக்கு ஒயர், பின் பிரேக்குக்குக் கம்பி, ரெண்டும் டிரம். எண்ணூரில் 1949-லேயே எண்ணெய் பிரேக் வந்த கார் பூட்டினாங்க. அந்த ரோட்டிலேயே இருந்த புல்லட்டுக்கு எண்ணெய் தள்ளுகிற டிஸ்க் பிரேக் வர 2000-க்கு மேல ஆச்சு. 2019 ஏப்ரலில் 125 சிசி-க்கு மேற்பட்ட பைக் எல்லாத்துக்கும் ஏபிஎஸ் கட்டாயம்னு சட்டம் வந்தது. அதுக்கு அப்புறமும் புல்லட்டில் சில மாடலுக்குப் பின்னாடி டிரம்தான். புல்லட் லேசான வண்டி, இழுக்கிற கம்பியும் ஒண்ணுதான், முறுக்கிச் சரி பண்றதும் சுலபம். அதனால் காலம் தள்ளிச்சு. தெருவுக்குத் தெரு மெக்கானிக் ஒரு ஸ்பேனரை வெச்சுச் சரி பண்ணிக் கொடுத்துடுவார்.

எண்ணெய் பிரேக் நாட்டில் பரவ அதைச் செய்யுற கை இங்கேயே வேணும். 1962-ல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா ஆரம்பிச்சாங்க. டிவிஎஸ் குடும்பமும் இங்கிலாந்து லூகாஸும் கூட்டு. கெர்லிங் கம்பெனியை லூகாஸ் 1943-லேயே வாங்கிட்டது. அதாவது 1949-ல் ஆஸ்டினோட பெட்டியில் கப்பலேறி வந்த அதே கெர்லிங் வேலை, பதிமூணு வருஷத்தில் பாடியில் நம்ம பசங்க கையால் நடக்க ஆரம்பிச்சது. அதுக்கு அப்புறம்தான் வீல் சிலிண்டரும் ரப்பர் கப்பும் ஊர் ஊரா கடையில் கிடைச்சது. இல்லைன்னா ராயபுரம் பட்டறையில் நான் எதை மாத்தியிருப்பேன்?

இப்போ எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இருந்து கார்கள் கப்பலேறி வெளிநாடு போகுது. எண்ணூரில் பெட்டியைப் பிரிச்சுக் காரைப் பூட்டின காலம் போய், பூட்டின காரையே ஏத்தி அனுப்புற காலம் வந்துடுச்சு. ஒவ்வொண்ணிலும் எண்ணெய் பிரேக், ரெண்டு பாதை, ஏபிஎஸ். பார்க்கவே பெருமையா இருக்கும்.

அந்தத் துறைமுகத்தில் இருந்து கொஞ்ச தூரத்தில்தான் நான் பிரேக் இல்லாத டிரெய்லரில் நெல் ஏத்திக்கிட்டுப் பாலத்தில் இறங்குறேன்.

டிராக்டர் நிலைமையும் கேளுங்க. என் டிராக்டருக்குப் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக், 1910-ல் கார் இருந்த மாதிரி. வலதுக்கு ஒரு பெடல், இடதுக்கு ஒரு பெடல். வயலில் ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு வளைக்க அது வசதி. ரோட்டுக்கு வந்ததும் ரெண்டையும் கொக்கி போட்டு ஒண்ணாக்கணும். மறந்தா ஒரு சக்கரம் மட்டும் பிடிச்சு வண்டி சுத்திடும். வாங்கும்போது "ஆயில் பிரேக்"னு சொல்லித்தான் கொடுத்தாங்க. டிஸ்க் எண்ணெயில் முழுகி இருக்கிறது உண்மை, அது தேயாமல் இருக்க. ஆனா அழுத்துறது கம்பிதான். ஹைட்ராலிக் பலம் எல்லாம் கலப்பையைத் தூக்கப் போயிடுச்சு.

பையன் கேட்ட கேள்விக்கு இப்போ பதில் சொல்லிடறேன். பிரேக் எப்பவும் மேல்மடையில் இருந்துதான் வந்திருக்கு. முதலில் 6,500 டாலர் காருக்கு, அப்புறம் நடுத்தரக் காருக்கு, அப்புறம் லாரிக்கு, பைக்குக்கு. குழாய்க்குள்ள கடைமடை இல்லை, சரி. ஆனா அந்தக் குழாய் யார் வண்டிக்கு எப்போ வரும்கிறதில் கடைமடை இருக்கு. கடைசியில் நிக்கிறது எங்க டிரெய்லர். பாரம் அதிகம் ஏத்துற வண்டிக்கு பிரேக் கடைசியில் வருது. டிரெய்லருக்கும் டிராக்டரோட ஹைட்ராலிக்கில் இருந்தே குழாய் இழுத்து பிரேக் போட முடியும், புதுசா யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எங்க ஊர் பட்டறையில் டிரெய்லர் செய்யும்போது யாரும் கேக்கறதில்லை, அவரும் போடறதில்லை. கேட்டா விலை கூடும். நானும் கேக்காமல்தான் வாங்கினேன். அதில் என் பங்கு தப்பும் இருக்கு.

அடுத்த அறுப்புக்குள்ள போட்டுடலாம்னு வெல்டர்கிட்டயும் தெரிஞ்ச மெக்கானிக்கிட்டயும் பேசிக்கிட்டிருக்கேன். அதுவரைக்கும் பாதி லோடுதான். ரெண்டு நடை ஆகுது, டீசல் கூடுது, பரவாயில்லை. நகரத்தில் இருக்கிற உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ரோட்டில் டிராக்டர் டிரெய்லர் போனா, குறுக்கே புகுந்து முன்னாடி வந்து சட்டுனு நிறுத்தாதீங்க. ஓட்டுறவன் உங்களைப் பார்த்திருப்பான், பிரேக்கும் மிதிப்பான். பின்னாடி இருக்கிற நாலு டன்னுக்கு அது தெரியாது.